பொட்டு வைத்த பல்பு

கண்ணாடியைத் தொடாதீங்க என்று சகாதேவன் சொன்னபோதே எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

தொட்டுப் பார்க்காமல் நான் எதையும் வாங்கினவன் இல்லை. கத்தரிக்காய் என்றால் அமுக்கிப் பார்ப்பேன். மண்வெட்டி என்றால் தரையில் தட்டி ஓசை கேட்பேன். மாடு என்றால் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பேன். சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத ஒரு பல்பு. அதைக் காகிதத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டு தொடாதே என்று ஒருத்தன் சொன்னால், எதையோ மறைக்கிறான் என்றுதானே அர்த்தம்?

"ஏன் தொடக் கூடாது?" என்று கேட்டேன்.

"தொடக் கூடாதுன்னா தொடக் கூடாது பெரியப்பா. டப்பாலயே போட்டிருக்கான் பாருங்க."

டப்பாவில் ஒரு கையைப் படம் போட்டு அதன் குறுக்கே கோடு இழுத்திருந்தது. டப்பாவில் என்ன வேண்டுமானாலும் அச்சடிப்பான். பழைய பல்பைத் துடைத்து விற்கிறவனும் அதே டப்பாவில் போட்டுத்தான் விற்கிறான்.

சகாதேவன் மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவன். என் மகன் தமிழரசன் வாடகைக்கு ஓட்டுகிற பழைய சுமோவில், பனிக்காகப் பம்பருக்குக் கீழே வைத்திருக்கிற பாக் லைட் இரண்டுக்கும் அன்றைக்கு அவன் புது ஒயர் இழுத்து ரிலே வைத்திருந்தான். பல்பு மாட்டுவதுதான் பாக்கி. முன்னே இருந்தது ஐம்பத்தைந்து வாட்ஸ். இது நூறு வாட்ஸ். பனியைக் கிழித்துக்கொண்டு போகும் என்று அவன் சொன்னான். பல்பு விற்கிறவன் வேறே என்ன சொல்வான்?

இவ்வளவு அவசரமும் என் மகள் பூவிழிக்காக. சுனாமி வந்து போன மறு வருஷத்துத் தை மாதம் அது. போலீஸ் வேலைக்கு எழுத்துப் பரீட்சையில் பாஸ் பண்ணியிருந்தாள். ஓட்டமும் தாண்டுவதும் விழுப்புரத்து மைதானத்தில். காலை ஏழு மணிக்குள் உள்ளே போய்விட வேண்டும், ஏழு அடித்தால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அடுத்த மாதத்தோடு அவளுக்கு வயசு வரம்பு தாண்டுகிறது. இதை விட்டால் அவ்வளவுதான். அப்புறம் அவள் அம்மாவைப்போல உப்பளத்தில் பாத்தி மிதிக்கப் போக வேண்டும். இல்லாவிட்டால் எவனுக்காவது கட்டிக்கொடுத்து, அவன் வீட்டிலிருந்து பாத்தி மிதிக்கப் போக வேண்டும்.

முன்னாடி ஒருமுறை போனாள். முதல் நாளே போய் விழுப்புரத்தில் என் மச்சான் வீட்டில் தங்கினாள். அந்த வீட்டில் சாப்பிட்டதில் வயிற்றுப்போக்கு வந்து, ஓட்டத்தில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மச்சான் பெண்டாட்டி வேண்டுமென்று செய்தாளா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். அதனால் இந்தமுறை விடியற்காலையில் வீட்டிலிருந்தே கிளம்புவது என்று முடிவு.

விடியற்காலை என்றால் பனி. எங்கள் ஊர் மரக்காணத்துக்குத் தெற்கே, அனுமந்தைக்குப் போகிற வழியில். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்பளம். தை மாதத்தில் அந்தத் தண்ணீரிலிருந்து எழும்புகிற பனி, கையை நீட்டினால் கை தெரியாது. ஹெட்லைட்டைப் போட்டால் வெள்ளைச் சுவர் எழுப்பினது மாதிரி எதிரே வந்து நிற்கும். அதை அணைத்துவிட்டு, கீழே இருக்கிற பாக் லைட்டில் ரோட்டோரத்துக் கோட்டைப் பார்த்துக்கொண்டு ஊர வேண்டும். எங்கள் சுமோவின் பாக் லைட்டோ உப்புக் காற்றில் உள்ளே கறுத்துப்போய் அகல்விளக்கு மாதிரி எரிந்தது. போன வாரம் அதை நம்பிப் போய்த் தமிழரசன் வண்டியை ரோட்டைவிட்டு இறக்கிவிட்டான். முன்சக்கரம் பாத்தியில் இறங்கி நின்றது. அன்றைக்கு வண்டியில் ஆள் இல்லை. நாளைக்கு என் பெண் இருப்பாள்.

"மாட்டிடட்டுமா பெரியப்பா?" என்றான் சகாதேவன்.

"வேணாம். டப்பாவோட குடு. சாமிகிட்ட வச்சிட்டுத்தான் மாட்டணும்னு வீட்டுல சொல்லி அனுப்பியிருக்காங்க. தமிழு மாட்டிக்குவான்."

அது நிஜம்தான். நல்ல வெளிச்சத்தில் வைத்து ஒரு தடவை சோதித்துப் பார்க்கலாம் என்று எனக்கும் ஒரு எண்ணம் இருந்தது.

சகாதேவன் சிரித்தான். "என்னை நம்பலைன்னு நேராவே சொல்லுங்க," என்றவன், வண்டியில் உட்கார்ந்திருந்த தமிழரசன் பக்கம் திரும்பினான். "தமிழு, கண்ணாடியை மட்டும் தொட்றாதடா."

வீட்டில் என் பெண்டாட்டி தெய்வநாயகி, பூவிழியின் ஷூ, கால்சட்டை, எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னே அடுக்கி வைத்திருந்தாள். பல்பு இரண்டையும் டப்பாவிலிருந்து எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தாள். நான் குனிந்து பார்த்தேன். புதுசு மாதிரிதான் இருந்தது. உள்ளே கம்பி பளபளவென்று இருந்தது. சரி, இந்த விஷயத்தில் ஏமாற்றவில்லை என்று நினைத்துக்கொண்டு கால் கழுவப் போனேன். திரும்பி வந்தால் இரண்டு பல்பின் தலையிலும் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்திருக்கிறாள்.

தமிழரசன் ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே வந்தவன் நின்றுவிட்டான்.

"அம்மா, கண்ணாடி மேலயா வச்சே? தொடக் கூடாதுன்னு சொன்னான்மா."

"நான் எங்கடா தொட்டேன்? சந்தனம்தானே பட்டுது, என் விரலா பட்டுது?"

"தொடச்சிடவா?"

"டேய்!" தெய்வநாயகி குரலே மாறிவிட்டது. "பொண்ணு நாளைக்கு வாசப்படி தாண்டப் போறா, நீ இன்னைக்குப் பொட்டை அழிக்கிறேங்கிறியே. உங்க அப்பன் சுமோ வாங்கினப்ப ஸ்டீரிங்குக்கு வச்சேன், டயருக்கு வச்சேன், என்னா கெட்டுப்போச்சு?"

தமிழரசன் என்னைப் பார்த்தான். வைத்த பொட்டை அழிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. யார் வீட்டில்தான் உண்டு? தொடக் கூடாது என்று சொன்னவன் ஏன் என்று சொன்னானா? சொல்லவில்லை.

"அப்படியே மாட்டுடா," என்றேன்.

மாட்டினான். பாக் லைட்டின் முன்கண்ணாடியைக் கழற்றி, காகிதத்தில் பிடித்து, பொட்டு கலையாமல் உள்ளே வைத்து, மறுபடியும் மூடினான். இருட்டினதும் சுவிட்சைப் போட்டுப் பார்த்தோம். சொல்லக் கூடாது, எதிர்வீட்டுக் கூரையில் ஓலை ஓலையாக எண்ணலாம் போல இருந்தது. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. கொஞ்ச நேரத்தில் லேசாகச் சந்தன வாசனை வந்தது. தெய்வநாயகி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாத்தியா, சாமி வந்து நிக்குது."

பூவிழி வாசலில் நின்று சிரித்தாள். நானும் அன்றைக்கு மனம் லேசாகித்தான் படுத்தேன்.

விடியற்காலையில் கிளம்பினோம். தமிழரசன் ஓட்ட, பூவிழி அவன் பக்கத்தில், நான் பின்சீட்டில். ஊரைத் தாண்டி உப்பளத்துக்குள் ரோடு இறங்கினதும் பனி வண்டியை விழுங்கிவிட்டது. தமிழரசன் ஹெட்லைட்டை அணைத்துவிட்டுப் பாக் லைட்டைப் போட்டான். தாழ்வாக, இரண்டு பாய் விரித்த மாதிரி வெளிச்சம் ரோட்டில் விழுந்தது. ஓரத்து வெள்ளைக் கோடு தெரிந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

"நல்லாத்தாண்டா தெரியுது," என்றேன்.

"சொன்னேன்ல."

"சொன்னே. ரோட்டைப் பாரு."

கொஞ்ச தூரம் போயிருப்போம். முன்னால் டப் என்று ஒரு சத்தம். கல் பட்டது என்று நினைத்தேன். இடது பக்கத்துப் பாய் சுருட்டிக்கொண்ட மாதிரி காணாமல் போனது. வெள்ளைக் கோடும் போனது.

"என்னாடா?"

"இடது லைட்டு போச்சுப்பா. இருங்க, ஓரமா எடம் பாத்து நிறுத்துறேன். நடு ரோட்டுல நின்னா பின்னாடி வர்றவன் அடிச்சிடுவான்."

அவன் சொல்லி முடிக்கவில்லை. இடது பக்கம், கதவை ஒட்டி, மனுஷ முகம். ஒன்றல்ல, நான்கு ஐந்து. பூவிழி கத்தினாள். தமிழரசன் மிதித்த மிதியில் நான் முன்சீட்டில் போய் மோதினேன். கண்ணாடியில் ஏதோ அடித்து உடைந்தது. யாரோ சரிந்து விழுகிற சத்தம், தண்ணீரில் விழுகிற சத்தம்.

வண்டி நின்றது. போலீஸ் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போகிற பெண்ணை ஒரு கொலைக் கேஸுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

"எவன்டா அவன்! கண்ணு அவிஞ்சா போச்சு!"

அந்தக் குரல் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. பாஞ்சாலை. பக்கத்துத் தெரு. தெய்வநாயகியோடு ஒரே உப்பளத்தில் வேலை. நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன்.

"பாஞ்சால, நாந்தாம்மா கலியபெருமாளு. யாருக்காவது அடிபட்டுதா?"

"மாமா நீயா? நல்லா வந்த போ. அடி ஒண்ணும் இல்ல. மங்கம்மாதான் வாய்க்கால்ல கெடக்குறா."

மங்கம்மா இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையைத் திட்டிக்கொண்டிருந்தாள். பாஞ்சாலையின் தோளில் இருந்த மண்வெட்டிக் காம்பு பட்டுத்தான் எங்கள் பக்கக் கண்ணாடி உடைந்திருக்கிறது. காம்பு இருந்த இடத்துக்கும் அவள் தலைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"வண்டி வர்றது தெரியலையா?" என்றான் தமிழரசன்.

"என்னா தெரிஞ்சுது? ஒத்த லைட்டு தெரிஞ்சுது. பைக்கு வருதுன்னு நெனச்சோம். பைக்குக்குப் பக்கத்துல இம்மாம்பெரிய வூடு வருதுன்னு எவ கண்டா?" பாஞ்சாலை குனிந்து உள்ளே பார்த்தாள். "பூவிழியா? போலீசு செலக்சனுக்கா? ஏம்மா, போலீசு ஆவறதுக்கு முன்னாடியே எங்களை ஏத்திட்டுப் போயிட்டா எந்த ஸ்டேசன்ல போய் எழுதிக்குடுக்கிறது?"

மற்றவர்கள் சிரித்தார்கள். மங்கம்மா வாய்க்காலிலிருந்தே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூவிழிக்கும் வரவில்லை. அவள் இறங்கிப் போய் மங்கம்மாவுக்குக் கை கொடுத்து மேலே இழுத்துவிட்டாள்.

தமிழரசன் வண்டியை ஓரமாக ஒதுக்கி, செத்த லைட்டின் முன்கண்ணாடியைக் கழற்றினான். உள்ளே பல்பு இல்லை. அடிக்கட்டை மட்டும் இருந்தது. கண்ணாடித் தூள், அதோடு கருகின சந்தனம் ஒரு பொருக்கு.

"பொட்டு இருந்த எடத்துலதான் வெடிச்சிருக்கு," என்றான். "அந்த எடம் மட்டும் சூடு ஏறிப் போச்சு. இதுக்குத்தான் தொடாதன்னான்."

"இதை அப்பவே வாயைத் தொறந்து சொல்றதுக்கென்னா அவனுக்கு?"

"அப்பா," என்றாள் பூவிழி, "அந்தப் பக்கத்துலயும் பொட்டு இருக்கு."

எல்லோரும் வலது பக்க லைட்டைப் பார்த்தோம். அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. தமிழரசன் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தான். அணைந்ததும் ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியவில்லை.

"மணி என்னா?"

"நேரம் இருக்குப்பா. ஆனா பனி கலைஞ்சப்புறம் போவலாம்னா எட்டு ஆவும்."

எட்டு மணிக்கு விழுப்புரம் போய் என்ன செய்வது? பூட்டின கேட்டைப் பார்த்துவிட்டு வரவா?

வலது பல்பு ஆறட்டும் என்று காத்திருந்தோம். சூட்டோடு ஈரத்துணி பட்டால் அதுவும் போய்விடும் என்றான் தமிழரசன். அந்தக் காத்திருப்புதான் பெரும்பாடு. ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்க்கவும் முடியாது. பிறகு அவன் காகிதத்தில் பிடித்து வெளியே எடுத்தான். சந்தனம் காய்ந்து பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. குங்குமம் கறுத்திருந்தது. பல்பைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

"என்னாடா பாக்குற?"

"அம்மா வச்ச பொட்டுப்பா. இவ போற நேரத்துல..."

"குடுண்ணா," என்று பூவிழி வாங்கினாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கைக்குட்டையை நனைத்தாள். "சாமி கோவிச்சிக்கிட்டா நான் பேசிக்கிறேன். ஏழு மணி தாண்டிட்டா யாருகிட்டப் போய்ப் பேசறது?"

பொட்டை அவளே அழித்தாள். பாஞ்சாலை ஐயோ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த முனையால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்து, மறுபடியும் துடைத்தாள். கண்ணுக்குச் சுத்தமாகத்தான் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாதது எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்கென்ன தெரியும்?

இப்போது கையில் ஒரே ஒரு பல்பு. எந்தப் பக்கம் மாட்டுவது?

பழையபடி வலது பக்கம் மாட்டினால், ரோட்டோரமாக வருகிறவர்களுக்கு மறுபடியும் பைக் மாதிரிதான் தெரியும். அந்த நேரத்தில் பாத்தி மிதிக்கப் போகிற பெண்பிள்ளைகள் ரோடு முழுக்க வருவார்கள். இடது பக்கம் மாட்டினால் அவர்களுக்குத் தெரியும், எங்களுக்கும் ஓரத்துக் கோடு தெரியும். ஆனால் எதிரே வருகிற லாரிக்காரன் ஓரமாக ஒரு பைக் போகிறது என்று நினைத்து, மிச்ச ரோடு பூராவும் தனக்குத்தான் என்று வருவான். தமிழரசன் உட்கார்ந்திருக்கிற பக்கமாக வருவான். பார்க்கிங் லைட் இருக்கிறதே என்று கேட்பீர்கள். உப்புக் காற்றில் அது செத்து இரண்டு வருஷம்.

"வலது இண்டிகேட்டரைப் போட்டுக்கிட்டே போவலாமா?" என்றான் தமிழரசன்.

"நீ ரைட்டுல திரும்பப் போறேன்னு நெனச்சி அவன் லெப்டுல ஏறினா?"

"ஹெட்லைட்டைப் போட்டா?"

"போட்டா நீ பாத்தியிலதான் நிப்ப. போன வாரம் நின்னியே."

பாஞ்சாலைதான் பேசினாள். "எங்க பக்கம் மாட்டிட்டுப் போ மாமா. நாங்க லைட்டு இல்லாம நடக்கிறவங்க. லாரிக்காரனுக்காவது லைட்டு இருக்குது."

"மாட்றா இடது பக்கம்," என்றேன்.

"எதிர்ல வந்தா?"

"எதிர்ல வர்றவன் நம்மளை அடிச்சா நாம போவோம். நாம இவங்களை அடிச்சிட்டு நாளைக்கு எந்த மூஞ்சை வச்சிக்கிட்டுத் தெருவுல நடக்கிறது?"

சொல்லிவிட்டேனே தவிர, அந்த நாம என்பதில் பூவிழியும் இருக்கிறாள் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அவளை முன்சீட்டில் ஏற விடாமல், பின்னால் இடது மூலையில் உட்கார வைத்தேன். நான் வலது ஜன்னல் பக்கம், தமிழரசனுக்கு நேர் பின்னே உட்கார்ந்தேன். அவன் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டேன். மூன்று செல் போடுகிற நீட்டு டார்ச். ஜன்னல் கண்ணாடியை இறக்கி, டார்ச்சைப் பிடித்த கையைத் தோள்வரைக்கும் வெளியே நீட்டினேன்.

"என்னாப்பா பண்றீங்க?"

"ரெண்டாவது லைட்டு."

"கைய உள்ள எடுங்க. லாரி ஒரசினா கை இருக்காது."

"நீ ஓட்டு."

"அப்பா," பூவிழி என் சட்டையைப் பிடித்தாள், "கைய எடுப்பா. நான் போவலைன்னாலும் பரவால்ல."

"பரவால்லன்னு இனிமே சொன்ன, இங்கயே எறக்கி வுட்டுட்டுப் போயிடுவேன்."

வண்டி நகர்ந்தது. பல்பு எரிந்தது. நான் அதையே கேட்டுக்கொண்டு வந்தேன். ஆமாம், கேட்டுக்கொண்டுதான். டப் என்று எப்போது வரும் என்று காது முழுவதும் முன்னால் இருந்தது. கண் முழுவதும் எதிரே இருந்தது. கை குளிரில் மரத்துப்போய், டார்ச் கையில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஓரமாக இரண்டு மூன்று இடத்தில் பெண்பிள்ளைகள் வந்தார்கள். வெளிச்சத்தைப் பார்த்து ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். அந்தமட்டும் சரி.

எதிரே ஒரு பஸ் வந்தது. அதன் டிரைவர் என் டார்ச்சைப் பார்த்து ஹார்ன் அடித்து ஒதுங்கிப் போனான். தமிழரசன் மூச்சு விட்டான். நான் விடவில்லை. ஒருத்தன் ஒதுங்கினால் எல்லோரும் ஒதுங்குவார்களா?

அப்புறம் அது வந்தது. முதலில் சத்தம்தான். கனம் ஏற்றின லாரி முனகுகிற சத்தம். பிறகு பனி வெளுத்தது. எந்தப் பக்கம் வருகிறான் என்று தெரியவில்லை, எல்லாப் பக்கமும் வெளுத்தது. நான் டார்ச்சை மேலும் கீழும் ஆட்டினேன்.

"ஹோய்! ஹோய்! வண்டி! வண்டிடா!"

"அப்பா, கைய எடு!"

"லெப்டுல ஒடி! கோட்டைத் தாண்டு, தாண்டு!"

தமிழரசன் ஒடித்தான். இடது சக்கரம் மண்ணில் இறங்கி வண்டி சாய்ந்தது. இரண்டு பெரிய வெளிச்சம் நேராக எங்கள்மேல் வந்து, கடைசியில் கொஞ்சம் விலகியது. காற்று அறைந்தது. தார்ப்பாய் படபடவென்று என் கையில் அடித்தது. கயிறு ஒன்று முழங்கையைத் தேய்த்துக்கொண்டு போனது. டார்ச் போய்விட்டது. உப்பு மூட்டை வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

"சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா!" என்று லாரிக்காரன் கத்திக்கொண்டே போனான்.

தமிழரசன் ஸ்டீரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். பூவிழி என் கையை உள்ளே இழுத்து, விரல் விரலாக எண்ணுகிற மாதிரி தடவிப் பார்த்தாள். முழங்கையில் தோல் வழித்திருந்தது. கை இருந்தது.

"அழுவாத. ஓடற நேரத்துல மூச்சு பத்தாது," என்றேன். "தமிழு, வண்டிய எடு."

டார்ச் இல்லாமல் மரக்காணம் முக்குவரைக்கும் போனோம். கையை மட்டும் நீட்டிக்கொண்டு, ஹோய் ஹோய் என்று கத்திக்கொண்டு வந்தேன். தொண்டை கிழிந்துவிட்டது. எதிரே வேறு எதுவும் வரவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நான் யோசிப்பதில்லை. முக்கில் டியூப் லைட் வெளிச்சத்தைப் பார்த்ததும் தமிழரசன், "அந்தப் பல்பு இன்னும் எரியுதுப்பா," என்றான்.

"சொல்லாதடா," என்றேன்.

திண்டிவனம் ரோட்டில் திரும்பினதும் கடல் பக்கம் விட்டுப்போனது. பனி திட்டுத் திட்டாகத்தான் இருந்தது. ஏரி வந்தால் மூடும், ஏரி தாண்டினால் விடும். மூடுகிற இடத்தில் எல்லாம் தமிழரசன் வேகத்தைக் குறைப்பான், பூவிழி கடிகாரத்தைப் பார்ப்பாள், நான் அவள் கடிகாரத்தைப் பார்க்கிறதைப் பார்ப்பேன். பெருமுக்கல் மலை தெரிந்தபோது மேலே கோயில் இருக்கிற உச்சிக்கு மேலே வானம் விடிந்திருந்தது. ஹெட்லைட்டே வேண்டாம் என்கிற அளவுக்கு வெளுத்துவிட்டது. அதற்கப்புறம் தமிழரசன் ஓட்டின ஓட்டை அவன் அம்மா பார்த்திருந்தால் அவனுக்கும் ஒரு பொட்டு வைத்து மூலையில் உட்கார வைத்திருப்பாள்.

விழுப்புரத்தில் மைதானத்துக் கேட்டில் ஒரு பக்கக் கதவைச் சாத்திவிட்டிருந்தார்கள். இன்னொரு பக்கத்துக் கதவில் ஒரு போலீஸ்காரம்மா கை வைத்திருந்தாள். வண்டி நிற்பதற்கு முன்பே பூவிழி குதித்து ஓடினாள். பையைக்கூட எடுக்கவில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அந்தம்மா பையை வாங்கி உள்ளே போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் முழங்கையில் ரத்தம் காய்ந்திருந்தது.

"எந்த ஊருய்யா?"

"மரக்காணம் பக்கம்மா."

"சண்டை போட்டுட்டு வந்தியா?"

நான் பதில் சொல்வதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே எங்களை விடவில்லை. மதில் உயரம். வெளியே ஒரு வேப்பமரத்தில் இரண்டு மூன்று பேர் ஏறி உட்கார்ந்துகொண்டு, கீழே நிற்கிற அப்பன் அம்மாக்களுக்கு நடக்கிறதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உயரம் அளக்கிறாங்க. வரிசையில நிக்கிறாங்க. ஓட்டம் ஆரம்பிச்சிட்டாங்க. எனக்கு அவர்கள் சொல்வதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டு நின்றேன். விடியற்காலையிலிருந்து ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை. அவளும் பயந்து, கத்தி, அழுது, சேற்றில் ஒரு பொம்பளையைத் தூக்கிவிட்டு வந்திருக்கிறாள். அந்தக் காலில் இனி என்ன ஓட்டம் இருக்கும்?

விசில் ஊதுகிற ஒவ்வொரு தடவையும் நுனிக்காலில் நின்று மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

"நீல பனியன் போட்ட பொண்ணு உங்களதா?" மரத்திலிருந்து ஒருத்தன் கேட்டான். "மூணாவதா வந்துச்சிங்க. ஜோரா ஓடிச்சி."

"நீல பனியன் எத்தினி பேரு போட்டிருக்காங்க?"

அவன் எண்ணிப் பார்த்துவிட்டு, "நாலஞ்சு பேரு இருக்காங்க," என்றான்.

"அப்புறம் என்னா ஜோரு?"

தமிழரசன் என் கையைப் பிடித்து வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தான். வெயில் ஏறியது. தோற்றவர்கள் முதலில் வெளியே வந்தார்கள். வருகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தேன். ஒருத்தி அழுதுகொண்டே வந்து அவள் அம்மா தோளில் சாய்ந்தாள். இன்னொருத்தி சிரித்துக்கொண்டே வந்தாள், அவளும் தோற்றவள்தான். பூவிழி வரவில்லை. வரவில்லை என்பதை நல்லதாக எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. மயக்கம் போட்டு விழுந்து உள்ளேயே படுக்க வைத்திருந்தால்?

கூட்டம் குறைந்த பிறகு, ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு வந்தாள். பனியனில் நம்பர் குத்தியிருந்தது.

"எடுத்துட்டாங்கப்பா. ஓட்டத்துல எடுத்துட்டாங்க."

"நெஜமா?"

"நெஜமாத்தான். நாளைக்குத் தாண்டறதும் பந்து எறியறதும். அதுல எல்லாம் நான் நல்லாப் பண்ணுவேன், ஓட்டந்தான் எனக்கு பயமா இருந்துது. நாளைக்கும் ஏழு மணிக்கு வரணுமாம்."

தமிழரசன் கையைத் தட்டினான். நான் தட்டவில்லை. நாளைக்கும் ஏழு மணி என்றால், நாளைக்கும் விடியற்காலை, அதே உப்பளம், அதே பனி.

"வூட்டுக்குப் போயி நல்ல பல்பா வாங்கிப் போட்டுக்கலாம்பா," என்றான் தமிழரசன்.

"வூட்டுக்கு யாரு போறா? நீ போயி அம்மாவுக்குப் போன் பண்ணி, பொண்ணு இருக்கா, நாளைக்கு வர்றோம்னு சொல்லு. வண்டிய அந்த மதில் நெழல்ல போடு."

நேராகக் கேட்டுக்கு எதிரே போட்டான். பூவிழி இரண்டு இட்லி தின்றாள். பின்சீட்டில் காலை மடக்கிக்கொண்டு படுத்தவள், படுத்த உடனே தூங்கிவிட்டாள். கதவைப் பாதி திறந்து வைத்து, படியில் நான் உட்கார்ந்துகொண்டேன். போகிறவன் வருகிறவன் யாரும் கதவுப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டேன். முழங்கை எரிந்தது.

வேர்க்கடலை விற்கிற பொம்பளை ஒருத்தி கூடையோடு வந்து என் காதுக்குப் பக்கத்தில், "வேகவச்ச மல்லாட்டே!" என்று கத்தினாள்.

"ஏம்மா, மெதுவா," என்றேன். "உள்ள போலீசு தூங்குது."